கடன் வசூலிப்பவர் கதவைத் தட்டினால்: சிங்கப்பூரில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

"கடன் வாங்கியது உண்மைதானே, பிறகு எந்த முகத்தோடு புகார் கொடுப்பது?" என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமை மாலைகளில் கடிதம் படித்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் உதவுகிற தொண்டூழியர்களில் நானும் ஒருவன். வழக்கறிஞன் அல்ல. ஆனால் ஒரே தவறைப் பலரும் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் ஒரு கணக்கு, தொல்லை இன்னொரு கணக்கு. முதலாவது உங்கள் பேரில் இருக்கிறது என்பதற்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதைப் பற்றிப் புகார் கொடுத்தால் முதலாவது அழிந்துவிடுவதும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலும் படிகளை முன்பின்னாகச் செய்வதாலும்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே வரிசையைக் கவனியுங்கள்.

1. எல்லாவற்றுக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

கடன் ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், வந்த கடிதங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். நடப்பதை எழுதிவைக்க ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் உறையையும் எறிய வேண்டாம். கடிதத்தில் ஒரு தேதியும் அஞ்சல் முத்திரையில் வேறு தேதியும் இருப்பது சில நேரம் பின்னால் உதவும்.

ஒப்பந்த நகல் இல்லையா? சட்டப்படி உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் நகலைத் தந்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கு அறிக்கையும் அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். வாயால் கேட்டால், கேட்டதற்கே சான்று இருக்காது.

அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கைப்பேசியில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். நீதிமன்ற விண்ணப்பம் வரை போக நேர்ந்தால் அது இல்லாமல் நகர முடியாது.

2. வந்திருப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வாசலில் நிற்பவர் சத்தம் போட்டதும் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு முதியவர் மூன்று மாதம் தவணை கட்டிய பிறகே தெரிந்தது, பணம் அவருக்குக் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேரவே இல்லை என்று.

வருபவர் பெரும்பாலும் நான்கு வகையில் ஒருவராக இருப்பார்: வங்கியோ அது அனுப்பிய வசூல் நிறுவனமோ, உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர், கடைக்காரர் அல்லது தனிமனிதர் அமர்த்திய வசூல் நிறுவனம், அல்லது உரிமமே இல்லாத வட்டி முதலை. ஒவ்வொருவருக்கும் பொருந்தும் சட்டம் வேறு, புகார் போகும் இடமும் வேறு. தவறான இடத்தில் கொடுத்த புகார் ஒரு மாதம் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும்.

பிறருடைய கடனை வசூலிப்பதையே தொழிலாக நடத்துகிறவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் பொருந்தும். அந்த நிறுவனம் காவல்துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வசூலுக்கு அனுப்பும் ஆளுக்கும் ஒப்புதல் வேண்டும். எனவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பெயர் என்ன? எந்த நிறுவனம்? யாருடைய கடனுக்காக வந்திருக்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். சொன்னாலும் உடனே கொடுக்க வேண்டாம். கடன் கொடுத்தவரை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணில் நீங்களே அழைத்து, "உங்கள் சார்பில் இன்னாரை அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். வந்தவர் தரும் எண்ணில் அழைத்தால் அவருடைய கூட்டாளியே எடுத்துப் பேசலாம்.

கடன் கொடுப்பவர் உரிமம் பெற்றவரா என்பதைச் சட்ட அமைச்சின் இணையப் பக்கத்தில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரைத் திருடிக்கொண்டு வேறு எண்ணிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது மோசடிக்காரர்களின் பழைய தந்திரம். இன்னும் எளிய அடையாளம் ஒன்று உண்டு: உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி அழைப்பு வழியாகக் கடன் விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. தங்கள் கடையில் உங்களை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கவும் அனுமதி இல்லை. உங்கள் கடன் வாட்ஸ்அப்பில் தொடங்கியிருந்தால், நீங்கள் யாரிடம் சிக்கியிருக்கிறீர்கள் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

3. வட்டி முதலை என்றால் மற்ற படிகளை விட்டுவிடுங்கள்

இங்கே பேச்சுவார்த்தை வேலைக்கு ஆகாது. 1800-924-5664 என்ற தகவல் எண்ணிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவியுங்கள். வாசலில் ஆள் நின்று மிரட்டினாலோ, கதவில் பெயிண்ட் ஊற்றினாலோ, பூட்டுப் போட்டுத் தீ வைத்தாலோ காவல்துறையின் அவசர எண் 999ஐ அழையுங்கள்.

உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனைத் திருப்பித் தரும்படி எந்த நீதிமன்றமும் உங்களுக்கு ஆணையிடாது, அந்த ஒப்பந்தம் செல்லாது. கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள் என்பதுதான் நான் பார்த்தது. ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிவிட்டு நாலாயிரம் கட்டியும் முடியாதவர்கள் உண்டு.

இந்த வகையில் செய்யவே கூடாத தவறு ஒன்று. "பணம் இல்லையா? உன் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடு, கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். அல்லது உங்கள் பெயரில் சிம் அட்டை வாங்கித் தரச் சொல்வார்கள். கொடுத்தீர்கள் என்றால் கடனாளியாக இருந்த நீங்கள் குற்றவாளி ஆகிறீர்கள். சட்டவிரோதக் கடன் தொழிலுக்கு உதவினால், முதல் முறையே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை கிடைக்கலாம். உங்கள் கணக்கு பயன்பட்டிருந்தால், நீங்கள் தெரிந்தே உதவினீர்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள், சிங்பாஸ் மறைச்சொல்லை மாற்றுங்கள், அன்றே காவல்துறைக்குச் செல்லுங்கள். நீங்களாகப் போவதற்கும் அவர்கள் தேடி வருவதற்கும் வேறுபாடு உண்டு.

நீங்கள் கேட்காமலேயே கணக்கில் பணம் விழுந்து, "கடன் கொடுத்தோம், வட்டியோடு கட்டு" என்று செய்தி வந்தால் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். வந்த எண்ணுக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கணக்கு தொடங்கிவிடும்.

4. வாசலிலும் தொலைபேசியிலும் பேசும் முறை

கம்பிக் கதவைத் திறக்காமல் பேசுங்கள். வீட்டுக்குள் வர அவருக்கு உரிமை இல்லை. பொருளைத் தூக்கிச் செல்லவும் உரிமை இல்லை, அதை நீதிமன்ற ஆணையோடு வரும் நீதிமன்ற அலுவலர் மட்டுமே செய்யலாம். அடையாள அட்டை, வேலை அனுமதி அட்டை, கடவுச்சீட்டு எதையும் "பாதுகாப்புக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களுக்கே இவற்றை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

கடன் கட்டத் தவறுவது குற்றம் அல்ல. அதற்காகக் காவல்துறை கைது செய்யாது. "நாளை போலீஸ் வரும்" என்று மிரட்டுகிறவரிடம் "அதை எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் உங்களுக்கு நல்ல சான்று.

உத்தரவாதக் கையெழுத்துப் போடாத வரை மனைவியோ மகனோ அறைத்தோழரோ உங்கள் கடனுக்குப் பொறுப்பாளி ஆவதில்லை. இதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லி வையுங்கள். வசூலிப்பவர்கள் அம்மாக்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஊரில், தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற அம்மாவுக்குக்கூட அழைப்பு போயிருக்கிறது.

எந்தத் தாளிலும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் இருக்கிறது. சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுதான் கெடு. பழைய கடன் ஒன்றின் கெடு முடியப்போகும் நேரத்தில் "கடனை ஒப்புக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு சிறு தொகை கட்டினாலோ ஆறு ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. "சும்மா ஐம்பது வெள்ளி கட்டுங்கள், மேலதிகாரியைச் சமாதானப்படுத்திவிடுகிறேன்" என்று வசூலிப்பவர் கெஞ்சும்போது கடனின் தேதியைப் பாருங்கள். ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்ட கடனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

5. நாள், நேரம், சொன்ன சொல்

"தினமும் தொல்லை கொடுக்கிறார்கள்" என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நோட்டில் இப்படி எழுதுங்கள்:

"ஜூன் 3, இரவு 10.40. இரண்டு ஆண்கள். கதவை ஏழெட்டு முறை உதைத்தார்கள். 'உன் மகள் பள்ளி எங்களுக்குத் தெரியும்' என்று ஒருவர் சொன்னார். எதிர்வீட்டு அக்கா பார்த்தார்."

சொன்ன வார்த்தையை, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். "கெட்ட வார்த்தை பேசினார்" என்று நாகரிகமாக எழுதினால் அது சான்று ஆகாது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும், எழுதுங்கள்.

செய்திகளை அழிக்காதீர்கள். பயத்திலும் அருவருப்பிலும் அழித்துவிட்டு, எண்ணையும் தடை செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் திரைப் படம் எடுங்கள். அதில் அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்களிடம் பேசும் பேச்சை நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம். வாசலில் கேமரா வைத்தால், அது அண்டை வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வசூலிப்பவரின் படத்தையும் எண்ணையும் ஃபேஸ்புக்கில் போட்டு "இவன் யார் தெரியுமா" என்று எழுதாதீர்கள். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாளத் தகவலை வெளியிடுவதும் 2020 முதல் குற்றம். அந்தச் சட்டம் உங்களைக் காப்பது போலவே அவரையும் காக்கும்.

6. கேட்கும் தொகை சரியா?

புகாருக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தொல்லையின் பாதி, தவறான தொகையைக் கேட்பதிலிருந்தே வருகிறது.

உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களுக்கு 2015 அக்டோபர் முதல் வரம்பு உண்டு. வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாமத வட்டியும் அப்படியே. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் கூடாது. கடன் கொடுக்கும்போது வாங்கும் நிர்வாகக் கட்டணம் அசலில் 10 விழுக்காடு வரை. இவை எல்லாம் சேர்ந்தாலும் அசல் தொகையைத் தாண்டக் கூடாது. 1,000 வெள்ளி கடனுக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் நீங்கள் கட்டுவது 2,000 வெள்ளிக்குள்தான். நீதிமன்றம் விதிக்கும் வழக்குச் செலவு மட்டும் இதற்கு வெளியே.

தாமத வட்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1,000 வெள்ளி கடனில் 300 வெள்ளித் தவணை தவறினால் தாமத வட்டி அந்த 300க்கு மட்டும். இன்னும் தவணை வராத 700க்குப் போடக் கூடாது. கால்குலேட்டரை எடுத்து வரிக்கு வரி பாருங்கள்.

அசலில் ஒரு பகுதியை ஏதாவது பெயர் சொல்லிப் பிடித்து வைத்திருந்தாலோ, வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் விதிமீறல்.

7. புகாரை எங்கே, எந்த வார்த்தையில் கொடுப்பது

வங்கி என்றால் முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில். தன் பெயரில் அனுப்பப்பட்ட ஆளின் நடத்தை வங்கிக்கே தலைவலி என்பதால், பல சமயம் இந்த ஒரு கடிதத்திலேயே வருகை நின்றுவிடுகிறது. நிற்கவில்லை என்றால், நிதித்துறைப் பூசல்களைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் அமைப்புக்குப் போகலாம். முதலில் வங்கியிடம் கேட்டீர்களா என்றுதான் அவர்களும் கேட்பார்கள், அதனால் இந்த வரிசை.

உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் என்றால் சட்ட அமைச்சின் கடன் கொடுப்போர் பதிவகத்துக்கு. ஆபாசப் பேச்சும் மிரட்டலும் அவருடைய உரிமத்தையே பாதிக்கும்.

வசூல் நிறுவனம் என்றால் காவல்துறைக்கு. அங்கே "நான் கடன் வாங்கினேன், அவர்கள் கேட்கிறார்கள், கஷ்டமாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் எதிரில் இருக்கும் அதிகாரிக்கு இது பணத் தகராறு, உரிமையியல் விவகாரம். நடத்தையிலிருந்து தொடங்குங்கள்: இந்த நாளில், இந்த நேரத்தில், இவர் கதவை உதைத்தார், இந்த வார்த்தையைச் சொன்னார், வழியை மறித்தார். நோட்டுப் புத்தகம் இங்கேதான் பேசும். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒரு முறை அழைத்துக் கேட்பதும், பகலில் வந்து கடிதம் கொடுப்பதும் தொல்லை ஆகாது. கடன் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். எரிச்சலூட்டும் எல்லாவற்றையும் புகாரில் சேர்த்தால் உண்மையான மிரட்டல் அதற்குள் புதைந்துவிடும்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். விடுதிக்கே வந்து மிரட்டினாலும் உங்களுக்கு இதே சட்டப் பாதுகாப்பு உண்டு.

8. நிற்கவில்லை என்றால் பாதுகாப்பு ஆணை

தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. வேண்டுமென்றே தொல்லை, அச்சம், மனவேதனை உண்டாக்கினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2021 முதல் இதற்கென்றே அரசு நீதிமன்றங்களில் தனி நீதிமன்றம் இருக்கிறது. எளிய வழியில், வழக்கறிஞர் இல்லாமல், சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இங்கே புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும், ஏனென்றால் ஆவணங்களை அவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. இரண்டாம் படியில் "உங்கள் பெயர் என்ன, எந்த நிறுவனம்" என்று கேட்கச் சொன்னேனே, அது இதற்காகவும்தான். ஆள் பெயர் கிடைக்காவிட்டால் நிறுவனத்தை எதிர்த்து விண்ணப்பிக்க முடியுமா என்று இலவசச் சட்ட ஆலோசனையில் கேளுங்கள்.

ஆபத்து உடனடியாக இருந்தால் அவசரப் பாதுகாப்பு ஆணையும் சேர்த்துக் கேளுங்கள். முழு விசாரணைக்குக் காத்திராமல் இடைக்காலத்துக்குக் கிடைக்கும். ஆணை வந்த பிறகும் அவர் வந்தால், அந்த மீறலே தனிக் குற்றம். ஆணையின் நகலை வாசலுக்கு அருகில் வைத்திருங்கள்.

9. நீதிமன்றக் கடிதம் வந்தால் நாட்களை எண்ணுங்கள்

சிவப்பு மையும் பெரிய எழுத்தும் போட்ட கடிதமெல்லாம் நீதிமன்றக் கடிதம் அல்ல. வசூல் நிறுவனங்கள் அப்படித் தோன்றும்படி அச்சடிப்பதுண்டு. வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான வழக்குக் கோரிக்கை சிங்கப்பூரில் உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டால், எதிர்த்து வாதாடும் எண்ணத்தைத் தெரிவிக்க 14 நாள்தான். விட்டுவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். வசூல்காரருக்குப் பயந்து எல்லா உறையையும் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு இதுதான் நடந்தது. மிரட்டல் கடிதங்களோடு வழக்குக் கடிதமும் கிடந்தது.

15,000 வெள்ளிக்குக் குறையாத கடனுக்கு நொடிப்பு (திவால்) நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன் வரும் சட்டபூர்வக் கோரிக்கைக்கு 21 நாள் கெடு. இதை வசூல் கடிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தீர்ப்பு வந்தாலும் எல்லாம் போய்விடாது. மசேநிதியில் (மத்திய சேம நிதி) இருக்கும் பணத்தையும், குடிமக்கள் குடியிருக்கும் சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையும், சாதாரணக் கடன் கொடுத்தவர் கைப்பற்ற முடியாது. வீட்டுக் கடன் மட்டும் தனிக்கதை. சம்பளத்தையும் முதலாளியிடமிருந்து நேராகப் பிடிக்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

10. தொல்லை நின்ற பிறகு கடன்

பல வங்கிகளில் அட்டைக் கடன் குவிந்திருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை 6225 5227இல் அழையுங்கள். வருமானம், செலவு, கடன்களை எழுதிக்கொண்டு போனால் எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே மாதத் தவணையை முன்மொழிய உதவுவார்கள். இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவிலும், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியிலும் உதவி கேட்கலாம். கட்ட முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். வெட்கத்தில் கூடுதலாக ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதமே தவறினால் மறுபடியும் முதல் படிக்கு வருவீர்கள்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கடன் கொடுத்தவர் பெயருக்கே செலுத்துங்கள். "பாதி கட்டினால் போதும்" என்று ஒப்புக்கொண்டால், கட்டுவதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை ஆறு ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். வீடு மாறும்போது பழைய காகிதம் என்று எறிந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வேறொரு வசூல் நிறுவனம் அதே கடனுக்காகக் கதவைத் தட்ட, என்னிடம் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.